கொட்டகைக்கு ஆறு நடை

ஜனவரி இரண்டாம் வாரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி இருந்த ஒரு காலையில், ரெய்னோ கங்காஸ் வீட்டுச் சிவப்புக் கோழி அடையில் உட்கார்ந்தது. எங்கள் பக்கம் கோழிகள் அடை உட்காருவது மே மாதம், பனி உருகி ஏரிக்கரையில் பிர்ச் மரங்கள் துளிர்த்த பிறகு. ஜனவரியில் அவை முட்டை இடுவதே அபூர்வம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் காலைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு நாளை ஓட்டும். ரெய்னோ கொட்டகைக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் வசந்தம் வந்துவிட்டதாக அந்தக் கோழி நினைத்துக்கொண்டது போலும்.

அதன் பெயர் டீச்சர். ரெய்னோவுக்கு இரண்டாம் வகுப்பில் பாடம் எடுத்த அம்மாள் தலையைச் சாய்த்துப் பார்ப்பது போலவே பார்க்கும் என்பார்.

அந்தச் சாலையில் நான் பனி தள்ளும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பொம்பளை லாரி ஓட்டுகிறாளாம் என்று முதல் வருஷம் சிரித்தார்கள். இரண்டாம் வருஷம், தங்கள் வாசலை முதலில் தள்ளிவிட்டுப் போகச் சொல்லி ஆளுக்கொரு ரொட்டியோடு வந்து நின்றார்கள். ரெய்னோவின் மனைவி டைமி அப்படி ஒருநாளும் வந்து நின்றதில்லை. "உள்ள வந்து கை காயவெச்சுட்டுப் போம்மா" என்பாள், அவ்வளவுதான். அதனால் அவர்கள் வாசலைத்தான் நான் முதலில் தள்ளுவேன். காலை பத்து மணிக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்து, ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்னாமல் என் பாதி நாள் முடிந்ததில்லை.

தொண்ணூற்றைந்து அக்டோபரில், காட்டில் மேப்பிள் வெட்டிக்கொண்டிருந்த ரெய்னோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கூட இருந்தவர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து பிழைக்கவைத்தார்கள். முப்பத்தைந்து வருஷம் மரம் வெட்டின ஆள். வெட்டக் கூடாது, பனி வாரக் கூடாது, ஏரிக்கரைச் சவுனாக் குளியல் குடிலுக்குள் போய் வேர்க்கக் கூடாது, கடுங்குளிரில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு மிஞ்சியது ஒன்பது கோழிகள்தான்.

டைமிக்கு மிஞ்சியது பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைப் புட்டியை எந்நேரமும் ஏப்ரன் பையில் வைத்திருந்தாள். அவர் மாடிப்படி ஏறினால் கழுவுகிற பாத்திரத்தை நிறுத்திவிட்டுக் காலடிச் சத்தத்தைக் கேட்பாள். கடைசிப் படியைத் தாண்டிய பிறகுதான் மறுபடி குழாய் திறக்கும்.

கோழி அடை உட்கார்ந்து நாலாம் நாள் நான் போனபோது இரண்டு பேரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர் எப்படி இருக்கா?" என்றேன்.

"யாரையும் கிட்ட விடமாட்டேங்கறா. பாரு எப்படிக் கொத்தியிருக்கான்னு." ரெய்னோ புறங்கையை நீட்டினார். கன்றிப்போய் இருந்தது.

"சேவலே இல்லாத முட்டை. அதுல உக்காந்து எதப் பொரிக்கப் போறாளாம்?" என்றாள் டைமி அடுப்புப் பக்கம் திரும்பியபடியே. "சேவலத்தான் நவம்பர்லயே நரி தூக்கிட்டுப் போயிடுச்சே."

"அது அவளுக்குத் தெரியாதுல்ல."

"உனக்குத் தெரியும்ல? முட்டைய எடுத்துட்டு அவள வெளிய போடு."

"முட்டை எடுத்து நாலு நாளாச்சு. வெறும் வைக்கோல்ல உக்காந்திருக்கா. தூக்கிப் போட்டா திரும்பி ஏறிக்கறா. அவளும் கங்காஸ் வீட்டுக்காரிதான?"

"கூண்டுல போடுன்னு எத்தன தடவ சொல்றது! அடியில கம்பிவலை வெச்ச கூண்டு. தொங்கவிட்டா அடிவயித்துல காத்துப் பட்டு மூணே நாள்ல தெளிஞ்சிடும். எங்க வீட்டுல எத்தன கோழிய அப்படித் தெளிய வெச்சிருக்கோம்."

"ஜூன் மாசத்துல வெச்சிருப்பீங்க. இவ நெஞ்சு எறகெல்லாம் பிச்சுப் போட்டுட்டு வெறுந்தோலோட உக்காந்திருக்கா. இந்தக் குளிர்ல தொங்கவிட்டா மறுநாள் கட்டையாத்தான் எடுக்கணும்."

"நிலவறைல தொங்கவிடு. கொதிகலன் பக்கத்துல கதகதன்னுதான இருக்கு."

"வீட்டுக்குள்ள கோழி வேண்டாம்."

டைமி திரும்பி என்னைப் பார்த்தாள். "கேட்டியா நோரின்? குளிர்ல சாகக் கெடந்த கன்னுக்குட்டிய இதே அடுப்படியில நாலு நாள் படுக்கவெச்ச மனுஷன். நான் காபி போட அதத் தாண்டித் தாண்டிப் போகணும். இப்ப வீட்டுக்குள்ள கோழி வேண்டாமாம்!"

ரெய்னோ சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "அடைக்கோழி தானா எறங்கித் தின்னாது. நாமதான் எறக்கி, தீனி காட்டி, தண்ணி காட்டி, திருப்பி ஏத்தணும். இல்லன்னா பட்டினி கெடந்து சாவா. நான் போயிட்டு வந்துடறேன்."

"இப்பத்தான போயிட்டு வந்த."

"அது எட்டு மணிக்கு."

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் டைமி அடுப்பு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அதன் பிறகு என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் ஜன்னலுக்கும் கடிகாரத்துக்குமாகப் போய்வந்தது. கொட்டகை வீட்டிலிருந்து அறுபது அடி நடை. இருபது நிமிஷம் கழித்து அவர் வந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அந்தக் குளிரில் எல்லார் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் கிளம்பியபோது டைமி கோட்டை மேலே போட்டுக்கொண்டு லாரி வரைக்கும் வந்தாள்.

"ஒரு நாளைக்கு ஆறு தடவ போறான். ஆறு தடவ! ஒரு கோழியத் தூக்கி எறக்கறதுக்கு எவ்வளவு நேரமாகும்? அஞ்சு நிமிஷம். இவன் இருபது நிமிஷம் உள்ளயே இருக்கான். நான் கூட வரேன்னா, 'என்னைய என்ன பாலர் பள்ளிக்கா கூட்டிட்டுப் போற'ங்கறான். ஜன்னல்ல நின்னு பாக்கறேன். கதவு தொறக்கற வரைக்கும் எனக்கு மூச்சே வர்றதில்ல நோரின். ஒரு தடவ கதவு தொறக்காது. எனக்குத் தெரியும்."

"அப்படியெல்லாம் நெனக்காதீங்க."

"நெனப்பா இது? ராத்திரி பூரா அவன் மூச்ச எண்ணிட்டுப் படுத்திருக்கேன்."

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான். எங்கள் வீட்டில் முயல் வளர்த்த கம்பிக் கூண்டு ஒன்று சும்மா கிடந்தது. "அவர்ட்டச் சொல்லாதீங்க. தூங்கறப்ப எடுத்து நிலவறைல தொங்கவிட்டுடுங்க. கோழி இங்க வந்துட்டா அவர் எதுக்கு அங்க போறார்? முழிச்சதும் சொல்லிக்கலாம். ரெண்டு நாள் கத்துவார், அப்புறம் சரியாயிடும்" என்றேன். மறுநாளே கூண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை ஒரு சாக்கில் சுற்றி நிலவறைப் படிக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

வியாழக்கிழமை காற்று வடமேற்குக்குத் திரும்பியது. கடல் மாதிரி விரிந்த எங்கள் ஏரி இன்னும் முழுசாக உறையாத வருஷம் அது. உறையாத தண்ணீரின் மேலே அந்தக் காற்று வந்தால் எங்கள் கரையில் பனி விழுவதில்லை, கொட்டும். அதோடு காற்றும் சேர்ந்துகொண்டால், நீட்டிய கையின் விரல் தெரியாது. மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நான் பாலத்துப் பக்கம் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். தள்ளிவிட்டுத் திரும்பினால் தள்ளின தடமே இல்லை.

இனிமேல் சொல்வது டைமி வீட்டில் நடந்தது. பிறகு அவளே துண்டு துண்டாகச் சொன்னதுதான்.

உப்பு மீனும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு, ஒரு மணிக்கு ரெய்னோ சோபாவில் படுத்தார். மூச்சு சீராகிறவரை காத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் காற்று வலுத்துவிடும், எழுந்ததும் அவர் கட்டாயம் கொட்டகைக்குப் போவார், இன்றைக்கு அவரைப் போகவிடக் கூடாது. இதுதான் அவள் மனசில் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். டீச்சர் உடம்பைத் தட்டையாக விரித்துக்கொண்டு, தொண்டைக்குள் குர்ர்ரென்று உறுமிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கையையும் அடியில் விட்டுத் தூக்கினாள். இறகில்லாத நெஞ்சுத்தோல் காய்ச்சல் கண்டதுபோல் சுட்டது. கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு குனிந்து ஓடிவந்தாள். ஒரு கையால் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தியவள், கொக்கி விழுந்ததா என்று பார்க்கவில்லை.

நிலவறை உத்தரத்தில் கூண்டைத் தொங்கவிட்டுக் கோழியை உள்ளே விட்டாள். அது நின்றது, உட்காரப் பார்த்தது, கம்பி குத்தி மறுபடி எழுந்தது, கத்தியது. சத்தம் மேலே கேட்கக் கூடாதென்று அங்கிருந்த பழைய ரேடியோவைத் திருகிவிட்டாள். தீனியும் தண்ணீரும் வைத்தாள். கொதிகலனில் மேப்பிள் கட்டைகள் நாலைந்து போட்டாள். இரவுக்கு வேண்டிய கிழங்கைப் பொறுக்கினாள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். மாதக்கணக்கில் இல்லாத நிம்மதி அந்த அரைமணி நேரம் இருந்தது என்றாள்.

மேலே வந்தால் சோபா காலி. பூட்ஸ் இல்லை. தொப்பி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கொட்டகை இல்லை, வேலி இல்லை, வாசற்படிக்குக் கீழே தரைகூட இல்லை. மணி இரண்டேகால். கோழி இல்லை என்று பார்த்ததும் திரும்பிவிடுவார் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்படிக்குள் பனி வீசி, தரை வெளுத்தது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. துணி உலர்த்துகிற கயிற்றுச் சுருளை எடுத்தாள். ஒரு முனையை வாசல் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஒரு தடவை கொட்டகையைத் தவறவிட்டு வேலியில் போய் முட்டினாள். வேலியைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தபோது கையில் கொட்டகைச் சுவர் தட்டியது. கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கோழிகள் மூலையில் குவிந்து கிடந்தன. தரையில் ஒரு வாளி கவிழ்த்துப் போட்டிருந்தது. ரெய்னோ இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கதவு திறந்து கிடந்ததையும் அடைக் கூடு காலியாக இருந்ததையும் பார்த்திருக்கிறார். நரிதான் என்று நினைத்திருக்கிறார். தேடிப் போயிருக்கிறார்.

"ரெய்னோ!" என்று கத்தினாள். வாயை விட்டு வெளியே வருவதற்குள் குரலைக் காற்று பறித்துக்கொண்டது. தன் காதுக்கே கேட்கவில்லை. அவர் எந்தப் பக்கம் போனார்? காட்டுப் பக்கமா, ஏரிப் பக்கமா? அடிச்சுவடு ஏதும் மிச்சமில்லை. கயிறு தீர்ந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகலாமா என்று இடுப்பு முடிச்சில் கைவைத்தாளாம். அப்போது, தானும் வழி தவறினால் அவர் வெளியே கிடக்கிறார் என்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்று தோன்றியதாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி பனி லாரிகள் நிற்கிற டிப்போவுக்குப் போன் பண்ணினாள்.

வயர்லெஸ்ஸில் எனக்குச் செய்தி வந்தபோது நான் நாலு மைல் தள்ளி இருந்தேன். "ரெய்னோ வெளிய போயிட்டாராம், திரும்பலயாம். கோழியத் தேடிப் போனாராம்" என்றான் அங்கே இருந்தவன். கோழி என்றதும் எனக்கு நான் கொடுத்த கூண்டு ஞாபகம் வந்தது. அந்த நாலு மைலுக்கு அரைமணி நேரம் ஆனது. பதினாறு வருஷம் ஓட்டின சாலையில், சாலை எங்கே இருக்கிறதென்று தெரியாமல், ஓரத்துக் கம்பங்களின் ஒளித்தகடு ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய உருட்டிக்கொண்டு போனேன். அந்தக் குளிரில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, வெளியே எவ்வளவு நேரம்? மேலே கணக்குப் போட மனசு மறுத்தது.

லாரியை அவர்கள் முற்றத்துக்குள்ளேயே ஏற்றி, எல்லா விளக்கையும் எரியவிட்டு ஹாரனை அழுத்தினேன். டைமி பக்கத்தில் வந்து கதவைத் தட்டின பிறகுதான் அவள் அங்கே நிற்பதே தெரிந்தது. புருவம் இமையெல்லாம் ஐஸ் கட்டியிருந்தது. மாத்திரைப் புட்டியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நான்தான்" என்றாள். "நான்தான் அனுப்புனேன் நோரின். நான்தான் அவன வெளிய அனுப்புனேன்."

"பேசிட்டு நிக்க நேரமில்ல. எந்தப் பக்கம் பாத்தீங்க?"

"வேலி ஓரம் பூரா. காட்டு முனை வரைக்கும் கயிறு எட்டல."

என்னிடம் வண்டி இழுக்கிற நீளக் கயிறு இருந்தது. அதை லாரி முட்டுக்கம்பியில் கட்டி, இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனோம். இடுப்பளவு பனி. பத்து அடிக்கு ஒருதரம் நின்று கூப்பிட்டோம். காலில் எது தட்டினாலும் எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு தடவை மெத்தென்று ஏதோ இடறியது. டைமி மண்டிபோட்டு இரண்டு கையாலும் பறித்தாள். பழைய வைக்கோல் கட்டு. அவள் அதை விட்டுவிட்டு எழ முடியாமல் அப்படியே மண்டிபோட்டிருந்தாள். நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன்.

லாரியடிக்குத் திரும்பினோம். இன்னும் ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் போய்விடும். ஆட்களை வரச்சொல்லலாம் என்று நான் வயர்லெஸ்ஸை எடுக்கப் போனேன். டைமி என் கையைப் பிடித்தாள். முகத்தை நேரே காற்றுக்குக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"பொக வாசன" என்றாள்.

"உங்க வீட்டுப் பொகதான்."

"என் வீட்டுப் பொக அந்தப் பக்கம்ல போகுது. காத்து ஏரிலேருந்து வருது. நாம வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவுல நிக்கறோம். இது பிர்ச் பட்ட. நாங்க மேப்பிள்தான எரிக்கறோம்."

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஏரிப் பக்கம் இருந்தது சவுனாக் குடில் ஒன்றுதான். கல் அடுப்பு மூட்டி வேர்க்க வேர்க்கக் குளிக்கிற அந்தக் குடிலை அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். அங்கே ஆள் இருக்கும் என்று நினைக்கவே தோன்றவில்லை. பிர்ச் பட்டையும் சுள்ளியும் மட்டும் அடுப்புப் பக்கத்தில் எப்போதும் இருக்கும்.

கதவில் முழங்கால் வரை பனி ஏறியிருந்தது. காலால் உதைத்துத் தள்ளித் திறந்தோம். அடுப்பில் தீ பாதி அணைந்து புகைந்துகொண்டிருந்தது. கீழ்ப் பலகையில் ரெய்னோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் பனி உருகி வழிந்தது. முகம் அழுக்குப் பனியின் நிறம். அந்தக் குளிரிலும் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கண் திறந்திருந்தது. பார்க்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை நான் இப்போதும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

"கதவச் சாத்துங்க" என்றார்.

டைமி அவர் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தாள். அவசரத்தில் இரண்டு மாத்திரை பலகை இடுக்கில் விழுந்துவிட்டது.

வயர்லெஸ்ஸில் கேட்டதற்கு, ஆம்புலன்ஸ் பெருஞ்சாலையை விட்டு இறங்க முடியாது என்றார்கள். பதினாலு மைல் தள்ளிப் பள்ளிக்கூட முக்கில் காத்திருப்பதாகச் சொன்னார்கள். என் லாரிதான் போயாக வேண்டும். சவுனாப் பலகையையே கழற்றி அதில் அவரைக் கிடத்தி இழுத்துவந்து, லாரியில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்காரவைத்தோம். முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டே ஓட்டினேன். வேகம் பதினைந்தைத் தாண்டவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவர் பேசினார். "டீச்சர் போயிட்டா, டைமி."

"பேசாத."

"கதவு தொறந்து கெடந்துச்சு. ரத்தம் எதுவும் இல்ல. உயிரோடதான் தூக்கிட்டுப் போயிருக்கு. காட்டு முனை வரைக்கும் போனேன். திரும்பறப்ப வழி தப்பி, சவுனாச் சுவருதான் கையில தட்டுச்சு..."

"பேசாதன்னு சொன்னேன்ல!" என்று கத்தியவள் உடனே குரலை இறக்கினாள். "கோழி நிலவறைல இருக்கு. நான்தான் எடுத்தேன், நீ தூங்கறப்ப. கதவ ஒழுங்கா சாத்தல. நான்தான்."

துடைப்பான் கண்ணாடியில் போய் வந்துகொண்டிருந்தது. நான் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கூண்டுலயா?" என்றார்.

"ஆமா."

"கூண்டு குடுத்தது நான்" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவரோ, "ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடுவா" என்றார்.

"தெளியட்டும்."

"தெளிஞ்சிட்டா அப்புறம் நான் எதச் சொல்லிக் கொட்டகைக்குப் போறது?"

டைமிக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"வலி வருது, டைமி. கிறிஸ்மஸ்லேருந்தே வருது. வந்தா எங்கயாச்சும் போயி உக்காரணும். மொதல்ல விறகு எடுக்கப் போறேன்னு போனேன். நீயே விறகு எடுக்க ஆரம்பிச்சிட்ட. அப்பத்தான் அவ அடை உக்காந்தா." மூச்சு வாங்கிக்கொண்டார். "வாளியக் கவுத்துப் போட்டு அவ பக்கத்துல உக்காந்துப்பேன். வலி எறங்கற வரைக்கும். இன்னிக்கும் அதுக்குத்தான் போனேன். மாத்திரை கேக்கலாம்னா அது உன் பையில இருக்கு. கேட்டா உன் மொகம் எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். அக்டோபர்ல பாத்துட்டேன் அந்த மொகத்த. திருப்பிப் பாக்க எனக்குப் பயம்."

டைமி ஜன்னலில் நின்று எண்ணிய அத்தனை இருபது நிமிஷமும் என் கண்முன் வந்து போயின. எதை நினைத்து அவள் பயந்தாளோ அதுதான் அந்த அறுபது அடிக்கு அப்பால், சாத்திய கதவுக்குப் பின்னால், நாள் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

"ஆறு தடவையுமா?" என்றாள்.

"இல்ல. நாலுதான். ரெண்டு தடவ நெசமாவே தீனி வெக்கப் போனேன்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, அவர் கோட்டுக்குள் கையைவிட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட முக்கில் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு தெரிகிறவரை எடுக்கவில்லை.

நூறு மைல் தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தில் அடைத்திருந்த ஒரு ரத்தக் குழாயை விரித்துவிட்டார்கள். இன்னொன்று ரொம்ப மெலிசு, அதை ஒன்றும் செய்ய முடியாது, மாத்திரையை வைத்து ஓட்ட வேண்டியதுதான் என்றார்கள். பதினோரு நாள் டைமி அங்கேயே இருந்தாள். கோழிகளை நான் பார்த்துக்கொண்டேன். கூண்டில் போட்ட நாலாம் நாளே டீச்சருக்கு அடை தெளிந்துவிட்டது. உறுமலை விட்டுவிட்டுத் தீனிக்குத் தலையை நீட்டியது. நெஞ்சில் இறகு முளைக்கிறவரை நிலவறையிலேயே விட்டுவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி இதைச் சொன்னபோது ரெய்னோ, "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு காலை. கூரையிலிருந்து உருகின தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருந்தது. பத்து மணிக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஏரியில் ஐஸ் எப்போது உடையும் என்று ரெய்னோவுக்கும் எனக்கும் வாக்குவாதம். பேச்சின் நடுவில் அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டைமி. வருது."

அவள் கையில் இருந்த மாவோடு அப்படியே வந்தாள். நாற்காலியை அவர் முழங்காலோடு முட்டுகிற மாதிரி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புட்டியைத் திறந்தாள். ஒரு மாத்திரைதான் எடுத்தாள், கீழே விழவில்லை.

"எது வரைக்கும்?"

"தோள் வரைக்கும். இடது பக்கம்."

"நேத்து மாதிரியா?"

"நேத்த விட ஜாஸ்தி."

அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கண்ணைச் சுற்றித் தோல் இழுத்துக்கொண்டு, உதடு இல்லாமல் போய், ஒரே நொடியில் பத்து வயசு கூடிவிட்ட முகம். அவர் பார்க்கப் பயந்த முகம் அதுதானென்று தெரிந்தது. அதை அவர் இப்போது நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அதை மறைக்கவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேஜைமேல் சிந்திக் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பார்த்தேன்.

"பயமா இருக்கு" என்றாள் டைமி.

"எனக்குந்தான்" என்றார் ரெய்னோ.

நாலு நிமிஷம் போயிற்று. ஐந்தாவது நிமிஷம் அவர் மூச்சை நீளமாக விட்டார்.

"போயிடுச்சா?"

"பாதி. எந்திரிக்காத. இங்கயே உக்காரு."

அவள் எழுந்திருக்கவில்லை. மாவுக் கையை அவர் கைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களோடு நானும் காத்திருந்தேன்.